ஷூட் த புல்லட்: கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு பாஸை வெல்ல முழுமையான வழிகாட்டி

தோட்டா மழையை விலக்கி ஆடும் ஜப்பானியக் கணினி விளையாட்டு வரிசையான டோஹோவில் 9.5 என்று எண்ணிடப்பட்ட ஆட்டம் இது. உங்கள் பாத்திரம் ஷமெய்மாரு அயா என்ற நிருபர். அவள் ஒரு தெங்கு, அதாவது ஜப்பானியக் கதைகளில் வரும் சிறகுள்ள மாய உயிர். அவளிடம் சுடும் ஆயுதம் எதுவும் இல்லை, வெடிகுண்டு (பாம்) இல்லை, கூடுதல் உயிரும் இல்லை. தோட்டாக்களுக்கு நடுவே புகுந்து, அவற்றைச் சுடும் முக்கிய எதிரியான பாஸை இத்தனை படம் என்று எடுத்துவிட்டால் சீன், அதாவது ஒரு சிறு சுற்று, முடிந்தது. ஒரு தோட்டா பட்டால் அந்தச் சீனை முதலிலிருந்து ஆட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தோட்டாவை விலக்கத் தெரியாமல்தான் தோற்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆடுவதைக் கூர்ந்து கவனித்தால், முக்கால்வாசிப் பேர் படம் எடுத்த அடுத்த நொடியில்தான் அடிபடுகிறார்கள். அந்த நேரத்தில் பாஸுக்கு மிக அருகில் இருப்பார்கள், கேமராவும் காலியாக இருக்கும், எந்தப் பக்கம் போவது என்று முன்பே யோசித்திருக்க மாட்டார்கள். கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு நொடியை மனதில் வைத்து அமைந்தது.

1. ஆடும் முன் சரிபார்க்க வேண்டியவை

விளையாட்டின் ஃபோல்டரை விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள். 2005-இல் வந்த ஆட்டம் என்பதால் ஸ்கோர், ரீப்ளே, எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். புரோகிராம் ஃபைல்ஸில் விண்டோஸ் அதைத் தடுக்கும் அல்லது வேறு எங்கோ கொண்டுபோய் வைக்கும். திறந்த லெவல்கள் மறுநாள் பூட்டிக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். டி டிரைவில் தனி ஃபோல்டர் போதும்.

ஸ்டிக்கி கீஸை அணைத்துவிடுங்கள். ஷிஃப்ட் விசையை 5 முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறக்கும். இந்த ஆட்டத்தில் ஷிஃப்டை ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பீர்கள், கடைசிப் படத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி வந்து நிற்கும்.

அடுத்தது கீபோர்டு. ஷிஃப்ட், இசட், மேல் அம்பு, இடது அம்பு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டி வரும். விலை குறைந்த பல கீபோர்டுகள் சில கூட்டணிகளில் மூன்று விசைக்கு மேல் ஏற்காது. முதல் சீனைத் திறந்து, ஷிஃப்டையும் இசட்டையும் பிடித்தபடி எட்டுத் திசையிலும் நகர்ந்து பாருங்கள். ஏதாவது ஒரு மூலைத் திசையில் அயா நகராமல் நின்றாலோ நேராக மட்டும் போனாலோ கீபோர்டுதான் குற்றவாளி. விசைகளை மாற்றி அமையுங்கள், அல்லது கேம்பேடுக்குப் போங்கள். இதைச் சோதிக்காமல், தன் கை சரியில்லை என்று வாரக்கணக்கில் நொந்துகொள்பவர்கள் உண்டு.

கடைசியாக வேகம். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டும். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பழைய டோஹோ ஆட்டங்கள் தறிகெட்டு ஓடுவதுண்டு. அப்படியானால் மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். எண்ணிக்கை 60-க்குக் கீழே விழுந்தாலும் நல்லதல்ல. எளிதாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் தப்பான தாளத்துக்குக் கை பழகிவிடும்.

மூல ஆட்டத்தின் உரை ஜப்பானிய மொழியில் உள்ளது. ரசிகர்கள் செய்த ஆங்கில மாற்றம் உண்டு, ஆனால் ஆடுவதற்கு அது தேவையில்லை. மெனுவில் லெவலையும் சீனையும் எண்ணால் தேர்ந்தெடுக்கலாம்.

2. ஒரு சீனில் என்ன நடக்கிறது

அம்புக்குறிகளால் அயாவை நகர்த்துங்கள். கேமரா அடுத்த படத்துக்கு எவ்வளவு தயார் என்பது, அதாவது ஃபிலிம் சார்ஜ், சதவீதமாகத் தெரியும். அது 100 ஆனதும் படம் எடுக்கலாம்.

இசட்டை அழுத்திப் பிடித்தால் கேமராவின் கட்டம் திறக்கும். நேரம் மெதுவாகும். இப்போது அம்புக்குறிகள் அயாவை நகர்த்தாது, கட்டத்தைத்தான் நகர்த்தும். பிடித்திருக்கப் பிடித்திருக்கக் கட்டம் சுருங்கிக்கொண்டே போகும். விரலை எடுத்தால் படம் பதிவாகும். கட்டத்துக்குள் இருந்த தோட்டாக்கள் அழிந்துபோகும். பாஸும் உள்ளே இருந்தால் படம் கணக்கில் சேரும்.

இரண்டு விஷயத்தை இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, நேரம் மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை. கட்டத்தை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே அருகில் வந்த தோட்டா அயாவைத் தொட்டுவிடும். இரண்டாவது, பாஸ் சிக்காத படமும் ஃபிலிமைச் சாப்பிடும். மறுபடி 100 வரை ஏற்றியாக வேண்டும்.

எத்தனை படம் தேவை என்பது சீனுக்குச் சீன் மாறும்.

3. மூன்று வேகமும் கையில் ஏற வேண்டும்

எதையும் பிடிக்காமல் நகர்ந்தால் அயா மிக வேகமாகப் போவாள். வேறு டோஹோ ஆட்டங்களில் பழகியவர்களுக்கே இது அதிகமாகப் படும். இந்த வேகம் இடம் மாறத்தான், விலகுவதற்கு அல்ல.

ஷிஃப்டைப் பிடித்தால் மெதுவாவாள். விலகுவதெல்லாம் இதில்தான். அடிபடும் பகுதி உடலின் நடுவில் சிறிதாகத்தான் இருக்கிறது, சிறகும் பாவாடையும் தோட்டாவில் உரசினால் ஒன்றும் ஆகாது. உடல் முழுவதையும் காப்பாற்றப் பார்ப்பவர்கள் தேவையில்லாமல் பெரிய இடைவெளி தேடி ஓடி, ஓடுகிற வழியில் அடிபடுகிறார்கள்.

ஷிஃப்டோடு இசட்டையும் பிடித்தால் ஃபிலிம் விறுவிறுவென்று ஏறும். ஆனால் அயா ஊர்ந்துதான் போவாள். இந்த ஆட்டத்தின் பேரமே இதுதான்: சீக்கிரம் சார்ஜ் வேண்டுமென்றால் நகரும் திறனை விட்டுக்கொடுக்க வேண்டும்.

முதல் லெவலின் முதல் சீனில் படமே எடுக்காமல் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பாருங்கள். குறிப்பாக, வேகமாக ஓடிவந்து ஷிஃப்டைத் தட்டி நிற்பது. விரல் தானாக அதைச் செய்யும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. முதல் இரண்டு முயற்சி பார்ப்பதற்கு மட்டும்

ஒரு சீன் மிகக் குறுகியது. தோற்றால் உடனே மறுபடி ஆடலாம், இழப்பு எதுவும் இல்லை. எனவே புதிய சீனுக்குள் போனதும் படத்தை மறந்துவிட்டு, வரும் தோட்டாக்கள் எந்த வகை என்று மட்டும் பாருங்கள். மூன்று வகைதான்.

நீங்கள் நிற்கும் இடத்தைக் குறிவைத்து வருபவை முதல் வகை. நின்ற இடத்திலிருந்து சிறிது சிறிதாக ஒரே பக்கமாக நகர்ந்தால் போதும், அவை கயிற்றில் கட்டிய மாடுபோல உங்கள் பின்னாலேயே வந்து, நீங்கள் முன்பு இருந்த இடத்தில் விழும். பெரிதாக நகர்ந்தால் திரை முழுக்கச் சிதறடித்து, உங்கள் வழியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள். திரை ஓரம் நெருங்கும்போது ஒரே ஒரு முறை வேகமாகத் தாவி, கூட்டத்தில் இடைவெளியை உண்டாக்கி, அதன் வழியே எதிர்ப்பக்கம் திரும்புங்கள்.

இரண்டாம் வகை எப்போதும் ஒரே கோணத்தில் வரும். நீங்கள் எங்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. இதில் சந்து எங்கே விழுகிறது என்று மனப்பாடம் செய்தால் முடிந்தது.

மூன்றாவது தாறுமாறானவை. இதற்கு மனப்பாடம் உதவாது. தூரத்தில் நின்றால் பரவலாக வரும், நெருங்கினால் அடர்ந்து வரும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்து விலக வேண்டும்.

பெரும்பாலான சீன்களில் இரண்டு வகை கலந்திருக்கும். குறிவைத்து வருபவை எவை என்று முதலில் பிரித்துவிடுங்கள். அவை உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பவை, எங்கே விழ வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம். கூடவே பாஸ் எப்போது நகர்கிறார், எப்போது ஓர் இடத்தில் நிற்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிற்கும் நேரம்தான் உங்கள் படத்துக்கான நேரம்.

5. சார்ஜ்: எங்கே, எப்போது

இரண்டு அலைகளுக்கு நடுவே தோட்டா குறைந்திருக்கும் நேரத்தில், திரையின் நடுவிலிருந்து கீழ்ப்பகுதிக்குள், இரு ஓரத்திலிருந்தும் தள்ளி நின்று சார்ஜ் ஏற்றுங்கள். மூலையில் நின்றால் நகர இரண்டு திசைதான் மிஞ்சும்.

ஷிஃப்ட்டும் இசட்டுமாகப் பிடித்திருக்கையில் அலை வந்துவிட்டால் இசட்டை விட்டுவிடுங்கள். ஷிஃப்ட் மட்டும் இருக்கட்டும். சார்ஜ் மெதுவாக ஏறினாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். புதியவர்கள் 80 சதவீதம் வந்துவிட்டதே என்று விடாமல் பிடித்துக்கொண்டு, ஊர்ந்தபடியே தோட்டாவில் போய் முட்டுவார்கள். 80-இல் விட்டால் ஓரிரு நொடி தாமதம், விடாவிட்டால் சீனே போய்விடும்.

100 ஆனதும் விரலை முழுவதுமாக எடுத்துவிட்டு, இடத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு இசட்டை அழுத்துங்கள். சார்ஜ் ஏற்றும் விசையும் படம் எடுக்கும் விசையும் ஒன்றே என்பதால், பழக்கதோஷத்தில் கை அழுத்தியபடியே இருந்து படம் வீணாவது மிகச் சாதாரணம்.

அதேபோல 100 ஆன அந்த நிமிஷமே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. நிறைந்த கேமரா ஒரு காப்பு. அதை வைத்துக்கொண்டு ஓர் அலையைக் கடந்து, நல்ல நேரம் வரும்வரை காத்திருக்கலாம்.

6. நெருங்குவதும் எடுப்பதும்

கீழ் ஓரத்திலேயே நின்று, கட்டத்தை மேலே பாஸ் வரை நகர்த்தி எடுக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். எளிய சீன்களில் அது நடக்கும். ஆனால் கட்டம் அவ்வளவு தூரம் போவதற்குள் சுருங்கிவிடும். பாஸ் சிக்கினாலும் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ள தோட்டாக்கள் அப்படியே இருக்கும், அவை உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும். தூரத்துப் படம் பாதுகாப்பானதுபோல் தெரியுமே ஒழிய, எடுத்த பிறகு உங்களைக் காப்பாற்றாது.

நல்ல தூரம் எது? கட்டம் திறந்ததும் சற்றே நகர்த்தினால் பாஸ் உள்ளே வந்துவிட வேண்டும், உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள தோட்டாக்களும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அப்போது ஒரே படத்தில் கணக்கும் ஏறும், எதிரே உள்ள வழியும் சுத்தமாகும்.

ஒரு படத்தை மெதுவாகப் பார்ப்போம். குறிவைத்து வரும் வகையில், பாஸ் உங்கள் நேர் மேலே நிற்கிறார். சார்ஜ் 100. நீங்கள் மூன்று அலையை இடதுபக்கமாகவே இழுத்துவந்துவிட்டீர்கள், எனவே இடப்பக்கம் தோட்டா நிறைந்திருக்கிறது, வலப்பக்கம் காலி. நான்காம் அலை கிளம்பியதும் வலப்பக்கமாகத் தாவி ஷிஃப்டில் நில்லுங்கள். இரண்டு மூன்று அங்குலம் மேலே ஏறுங்கள். அலை உங்களுக்கும் பாஸுக்கும் பாதித் தூரத்தில் இருக்கையில் இசட். கட்டத்தைப் பாஸின் நடுவுக்குக் கொண்டுபோங்கள், அலையும் உள்ளே இருக்கிறதா பாருங்கள், விடுங்கள். அலை அழிந்தது. அடுத்த அலை வர இன்னும் நேரம் இருக்கிறது. வலப்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அங்கேதான் போகப்போகிறீர்கள்.

இங்கே வரும் தவறுகள் இரண்டு. கட்டத்தைத் துல்லியமாக வைக்க வேண்டும் என்று மெனக்கெட்டு நேரத்தை நீட்டுவது ஒன்று. பாஸ் உள்ளே இருந்தால் போதும், ஓவியக் கண்காட்சிக்கு எடுக்கவில்லை. மற்றொன்று, கட்டத்தையே பார்த்துக்கொண்டு அயாவை மறப்பது. இசட்டை அழுத்தும் முன்பே அயாவுக்கு மிக அருகில் எந்தத் தோட்டா இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அது தொட்டுவிடும் தூரத்தில் இருந்தால் முதலில் விலகுங்கள், பிறகு எடுங்கள்.

7. எடுத்த பிறகு வெளியேறுதல்

இந்தப் படியை யாரும் தனியாகப் பழகுவதில்லை, எல்லோரும் தோற்பதும் இங்கேதான்.

படம் பதிவானதும் நேரம் சட்டென்று இயல்பு வேகத்துக்கு வரும். அந்த மாற்றத்துக்குக் கண் பழக சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் முடிவெடுக்க நேரம் இருக்காது. ஆகவே வழியை இசட்டை அழுத்தும் முன்பே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்: வலம், இடம் அல்லது அப்படியே நிற்பது. மூன்றில் ஒன்று. வழி தெரியவில்லை என்றால் அந்தப் படத்தை எடுக்காதீர்கள்.

நேராகக் கீழே ஓடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உங்களைத் தாண்டிப்போன தோட்டாக்கள் கீழேதான் போய்க்கொண்டிருக்கின்றன. அயாவின் முழு வேகம் பல தோட்டாக்களைவிட அதிகம். நீங்களாகவே ஓடிப்போய்ப் பின்பக்கமிருந்து அவற்றில் மோதுவீர்கள். "எதுவுமே வரவில்லையே, எப்படி அடிபட்டேன்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். கீழே இறங்குவதானால் ஷிஃப்டில் இறங்குங்கள், அல்லது பக்கவாட்டில் போய்ப் பிறகு இறங்குங்கள்.

பல நேரங்களில் சிறந்த வழி நகராமல் நிற்பதே. நீங்கள் இப்போதுதான் உண்டாக்கிய வெற்றிடம் உங்களுக்கு எதிரே இருக்கிறது. அங்கேயே நின்று இரண்டாம் முறை சார்ஜைத் தொடங்கலாம்.

8. பாஸ் இல்லாத படம் எப்போது சரி

நாலாபக்கமும் அடைபட்டால், பாஸைப் பற்றி யோசிக்காமல் தன்னைச் சுற்றியுள்ள தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். இழப்பது சார்ஜ் மட்டும். இதை அவமானமாக நினைத்துக் கடைசிவரை அடக்கிக்கொண்டு, சார்ஜ் 100-ஐக் கையில் வைத்தபடியே அடிபடுபவர்கள் ஏராளம்.

ஆனால் அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி எடுக்க வேண்டி வந்தால், நிற்கும் இடமே தவறு என்று பொருள். நான்காம் படிக்குத் திரும்பி, தோட்டாக்களை எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

9. எந்த வரிசையில் ஆடுவது

மொத்தம் 10 லெவல், அவற்றோடு எக்ஸ் என்ற கூடுதல் லெவல், எல்லாம் சேர்த்து 85 சீன்கள். முதல் இரண்டு லெவலிலும் ஆறாறு சீன்கள்: முதலாவதில் பாஸாக வருபவர்கள் ரிக்கிளும் ரூமியாவும், இரண்டாவதில் சிர்னோவும் லெட்டியும். இந்தப் பன்னிரண்டையும் விடாமல் முடித்துவிடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் பழக இவற்றைவிட நல்ல இடம் கிடையாது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். அடுத்த லெவல் திறக்க, இருக்கும் எல்லாச் சீனும் முடிய வேண்டியதில்லை. ஒரு சீனில் மாட்டிக்கொண்டால் அடுத்ததற்குப் போங்கள். சீன்களின் கடினம் ஒரே சீராக ஏறுவதில்லை. நான்காம் லெவலில் வாட்டியதைவிட ஆறாம் லெவலில் சில எளிதாக இருக்கும்.

ஏழாம் லெவலில் சக்குயா வரும்போது பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். நேரத்தை நிறுத்திக் கத்திகளை அந்தரத்தில் வைத்துவிட்டுப் போவது அவள் வேலை. கத்திகள் நின்றிருக்கும் நொடியில் பாஸைத் தேடாதீர்கள், எந்தச் சந்தில் நிற்பது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். படம் அதன் பிறகு.

பத்தாம் லெவலில் கொமாச்சியும் எய்கியும், எக்ஸில் ஃபிளாண்டர், யுகாரி, மொகோ, சூய்கா. அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது.

இதே பாணியில் 2010-இல் வந்த டபுள் ஸ்பாய்லருக்கு இங்கே பழகியது அப்படியே உதவும். 2018-இல் வந்த வயலட் டிடெக்டரில் பாத்திரம் சுமிரேகோ, அவளால் சுடவும் முடியும், பாஸுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோடும் உண்டு. அதை முதலில் ஆடிவிட்டு இதற்கு வருபவர்கள் கேமராவை இரண்டாம் ஆயுதமாகவே நினைப்பார்கள். இதை முதலில் ஆடுவது நல்லது.

10. புள்ளிகள், அவசரமில்லை

முதல் சுற்றில் ஸ்கோரைக் கண்டுகொள்ள வேண்டாம். சீன்களை முடித்த பிறகு திரும்பி வருபவர்களுக்கு மட்டும் சில குறிப்புகள்.

கட்டத்துக்குள் தோட்டா எவ்வளவு அதிகமோ அவ்வளவு புள்ளி. எனவே அலை கிளம்பிய உடனே எடுக்காமல், அது நன்றாக விரிந்து, ஆனால் கட்டத்தைத் தாண்டிப் போகாமல் இருக்கும் தருணத்தில் எடுக்க வேண்டும். அயாவுக்கு அருகில் தோட்டா இருந்தால் ஆபத்துக்கான கூடுதல் புள்ளி உண்டு. ஒரே நிறத் தோட்டாக்கள் நிறைந்தாலும் பல நிறங்கள் சேர்ந்தாலும் தனித்தனிக் கூடுதல். அயாவே படத்துக்குள் வந்தால் அதற்கும் உண்டு.

இவற்றில் முதலில் முயல வேண்டியது தோட்டா எண்ணிக்கைதான், மற்றவை அதன் பின்னாலேயே வரும். ஒரு சீனில் எல்லாப் படங்களையும் பெரிதாக எடுக்கப் பார்க்காதீர்கள். எந்த அலை மிக அடர்த்தியாக இருக்கிறதோ அதற்கு ஒரு படத்தை ஒதுக்குங்கள், மற்றவற்றைப் பாதுகாப்பாக முடியுங்கள்.

முடித்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க ரீப்ளேயைச் சேமித்துக்கொள்ளலாம். தோற்றவற்றைப் பார்க்க வேண்டுமானால் திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை ஓடவிடுங்கள். பதிவில் அடிபட்ட இடத்திலிருந்து மூன்று நொடி பின்னால் போய், அப்போது சார்ஜ் எவ்வளவு, ஷிஃப்ட் பிடித்திருந்ததா, எந்தப் பக்கம் காலியாக இருந்தது என்று மூன்றை மட்டும் பாருங்கள்.